மியூசியலா, ஹார்ன்ஸ்பியா, புஹோல்ஸா: செயின்ட் லூயிஸில் ஓயாத வழக்கு

ஆல்பர்ட் புஹோல்ஸ் 2022-ஆம் ஆண்டு பேஸ்பாலிலிருந்து ஓய்வு பெற்றபோது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக அவர் அடித்திருந்த ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போல வேலிக்கு அப்பால் பறக்கும் அடிகள்) 469. அதே அணிக்காக ஸ்டான் மியூசியல் 1941 முதல் 1963 வரை அடித்தவை 475. ஆறே ஆறு ஹோம் ரன் வித்தியாசத்தில் அணியின் சாதனை மியூசியலிடமே தங்கிவிட்டது. இடையில் பத்து சீசன்களைக் கலிபோர்னியாவில் கழிக்காமல் இருந்திருந்தால் புஹோல்ஸ் அந்த எண்ணை எப்போதோ கடந்திருப்பார் என்பது ஒரு தரப்பின் வாதம். போகச் சொல்லி அவரை யார் கட்டாயப்படுத்தினார்கள் என்பது மறுதரப்பின் கேள்வி. இந்த இரு தரப்பும் மோதிக்கொண்டிருக்கும்போது, நூறாண்டுகளுக்கு முன் ஆடிய ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்றாவது தரப்பு ஒன்று உள்ளே வரும். கார்டினல்ஸ் அணியின் மிகச் சிறந்த மட்டையாளர் யார் என்னும் வழக்கு செயின்ட் லூயிஸில் பல தலைமுறைகளாக இந்த மூவரைச் சுற்றியே நடந்துவருகிறது.

புள்ளிவிவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் விவாதம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கும் விளையாட்டு பேஸ்பால் என்பதால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த மூவரின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்த நகரத்து ரசிகர்கள் போட்டு வைத்திருக்கும் வரிசைக்கும் எண்கள் காட்டும் வரிசைக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும். அந்த இடைவெளிக்குக் காரணம், இவர்கள் மட்டையைப் பிடித்த விதத்தைக் காட்டிலும் அணியை விட்டுப் போன விதம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த ரசிகர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கார்டினல்ஸ் அணி 1882-இல் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை இதுவரை 11 முறை வென்றிருக்கிறது. 27 முறை வென்ற நியூயார்க் யாங்கீஸுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஹார்ன்ஸ்பி ஆடிய காலத்தில், நாட்டின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கின் அணி இருந்த நகரங்களிலேயே மேற்குக் கோடியில் இருந்தது செயின்ட் லூயிஸ். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி வேறு எந்த நகரத்திலும் அணி கிடையாது. எனவே ஆர்கன்சா, ஓக்லஹோமா, டென்னசி, அயோவா என்று சுற்றியிருந்த மாநிலங்களின் சிற்றூர்கள் அனைத்துக்கும் இதுவே சொந்த அணி. பிற்காலத்தில் கே.எம்.ஓ.எக்ஸ். வானொலியின் வலுவான அலைவரிசை, இரவு நேரத்தில் பல நூறு மைல் தொலைவுக்கு ஆட்ட வர்ணனையைக் கொண்டுசென்றது. மியூசியலை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல், அவர் அடித்த ஒவ்வொரு ஹிட்டையும் காதால் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை அந்தப் பகுதியில் உண்டு. அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொன்னவைதாம் இன்றைய விவாதத்தின் அடித்தளம்.

கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு பேஸ்பால் சராசரிகள் விசித்திரமாகத் தெரியும். ஒரு மட்டையாளர் மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட் அடித்துத் தளத்தை அடைந்தார் என்பதே பேட்டிங் சராசரி. பத்து முறையில் மூன்று முறை வென்றால் .300, அதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்பவர் நட்சத்திரம். ஏழு முறை தோற்பவரை உச்சத்தில் வைக்கும் விளையாட்டு இது. .400 என்பது எட்ட முடியாத உயரம். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் ஆகியவற்றில் 1941-இல் டெட் வில்லியம்ஸ் தொட்ட பிறகு இன்றுவரை வேறு யாரும் ஒரு முழு சீசனில் அதைத் தொட்டதில்லை.

ஹார்ன்ஸ்பி அதை மூன்று முறை தொட்டார். 1922-இல் .401, 1924-இல் .424, 1925-இல் .403. இடைப்பட்ட 1923-இல் .384. 1921 முதல் 1925 வரையிலான ஐந்து ஆண்டுகளின் மொத்தச் சராசரியே .402 என்றால், நல்ல சீசன் ஒன்று எப்போதாவது வாய்த்த கதை அன்று இது என்பது விளங்கும். 1920 முதல் 1925 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ச்சியாக நேஷனல் லீக்கின் சராசரிப் பட்டம் அவருக்கே சென்றது. சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தம் அடியால் அணிக்குச் சேர்த்துத் தரும் ஓட்டங்கள்) ஆகிய மூன்றிலும் ஒரே ஆண்டில் முதலிடம் பெறுவதை டிரிபிள் கிரவுன் என்பார்கள். அதை அவர் 1922-இலும் 1925-இலும் இருமுறை செய்தார். ஒரே சீசனில் .400 சராசரியும் 40 ஹோம் ரன்களும் கண்டவர் பேஸ்பால் வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான்.

1924-ஆம் ஆண்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அந்த ஆண்டு அவர் 536 முறை மட்டை பிடித்து 227 ஹிட் அடித்தார். .400-க்கு 215 ஹிட் போதும். அவரிடம் 12 உபரியாக இருந்தன. கடைசி நாளில் எத்தனை அடித்தால் .400 நிற்கும் என்று விரல்விட்டு எண்ணும் நிலையே அவருக்கு வரவில்லை. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து நேஷனல் லீக்கில் அந்த .424-ஐ யாரும் தாண்டியதில்லை. இருந்தும் அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர் விருது புரூக்ளின் பந்து வீச்சாளர் டேஸி வான்ஸுக்குப் போனது. வாக்களித்த பத்திரிகையாளர்களில் ஒருவர் தம் பட்டியலில் ஹார்ன்ஸ்பியின் பெயரையே எழுதவில்லை. அவரைப் பிடிக்காதவர்கள் அப்போதே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கண் கெட்டுவிடும் என்று திரைப்படம் பார்க்காதவர், ரயிலில் செய்தித்தாள் படிக்காதவர், குடிக்காதவர், புகைக்காதவர் ஹார்ன்ஸ்பி. குதிரைப் பந்தயம் ஒன்றுதான் அவருடைய பலவீனம். அது அவரைக் கடைசிவரை விடவில்லை. மனத்தில் பட்டதை யார் முகத்துக்கு நேராகவும், முதலாளியாக இருந்தாலும், சொல்லிவிடுவார். மட்டையாளர் கட்டத்தின் பின்மூலையில், பந்து கடக்க வேண்டிய தட்டிலிருந்து வெகு தள்ளி நிற்பது அவர் வழக்கம். அவ்வளவு தள்ளி நிற்பவருக்கு வெளிப்புறப் பந்து எட்டாது என்று எண்ணிய பந்து வீச்சாளர்கள் அங்கேயே வீசுவார்கள். அவரோ குறுக்காக ஓர் அடி எடுத்துவைத்து, அதே பந்தை மைதானத்தின் எந்தப் பக்கத்துக்கும் அனுப்பிவிடுவார்.

இந்த எண்கள் 1920-களுக்கு உரியவை என்பதுதான் ஹார்ன்ஸ்பிக்கு எதிரான முதல் வாதம். அது நியாயமான வாதம். 1920-இல் எச்சில் தடவிப் பந்து வீசுவது தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற வீரர் தலையில் பந்து பட்டு இறந்ததற்குப் பின், அழுக்கேறிய பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வந்தது. வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எல்லா அணிகளின் சராசரியும் ஏறியது. 1930-இல் நேஷனல் லீக் முழுவதன் சராசரியே .303. அந்த ஆண்டு கார்டினல்ஸ் அணியின் எட்டு முதன்மை மட்டையாளர்களும் .300-ஐத் தாண்டினார்கள். எல்லோரும் பணக்காரர்களாக இருக்கும் தெருவில் ஒருவருடைய பணத்தைத் தனியே புகழ்வதில் பொருளில்லை என்பார்கள் இந்தத் தரப்பினர்.

ஆனால் அந்தத் தெருவிலும் ஹார்ன்ஸ்பியின் வீடு தனியாகத்தான் நிற்கிறது. 1924-இல் லீக்கின் சராசரி .283, ஹார்ன்ஸ்பி அதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மேலே இருந்தார். மியூசியலின் உச்ச ஆண்டான 1948-இல் லீக் சராசரி சுமார் .261, அவருடையது .376, அதாவது 44 விழுக்காடு மேலே. புஹோல்ஸ் சராசரிப் பட்டம் வென்ற 2003-இல் லீக் சுமார் .262, அவர் .359, 37 விழுக்காடு மேலே. ஹிட்டோடு வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் தளம்), நீண்ட அடி ஆகியவற்றையும் சேர்த்து, மைதானத்தின் அளவையும் காலத்தையும் கழித்துக் கணக்கிடும் ஓ.பி.எஸ். பிளஸ் என்னும் அளவுகோல் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. லீக்கின் நடுத்தர மட்டையாளருக்கு அதில் 100 மதிப்பெண். 1924-இன் ஹார்ன்ஸ்பிக்கு 222, 1948-இன் மியூசியலுக்கு 200, 2008-இன் புஹோல்ஸுக்கு 192. உச்சம் ஒன்றையே பார்த்தால் வழக்கு முடிந்துவிடுகிறது. காலத்தைச் சுட்டிக்காட்டி ஹார்ன்ஸ்பியைக் கீழிறக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

எந்த அளவுகோலாலும் கழித்துவிட முடியாத குறை ஒன்று உண்டு. மேஜர் லீக்கில் ஹார்ன்ஸ்பி எதிர்கொண்ட பந்து வீச்சாளர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக்கின் கதவு மூடியே இருந்தது. அதே செயின்ட் லூயிஸ் நகரத்தில், அதே 1920-களில், ஸ்டார்ஸ் என்ற கறுப்பின அணி ஆடிக்கொண்டிருந்தது. கூல் பாப்பா பெல், மியூல் சட்டில்ஸ், வில்லி வெல்ஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். மூவரும் இன்று, பேஸ்பாலின் தலைசிறந்தோரைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் உள்ளவர்கள். கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்குகளை மேஜர் லீக் 2024-இல் தன் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்த்தபோது, வாழ்நாள் சராசரியில் டை காபுக்கு அடுத்து நெடுங்காலம் நின்ற ஹார்ன்ஸ்பியின் .358 கீழே இறங்கியது, முதலிடம் .372 வைத்திருந்த நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்சனுக்குச் சென்றது. கார்டினல்ஸ் ரசிகர்களின் விவாதத்தில் இந்தச் செய்தி போதிய இடம் பெறவில்லை. அணியின் மட்டையாளர் யார் என்று கேட்கும்வரை ஸ்டார்ஸ் வீரர்கள் கணக்கில் வரமாட்டார்கள். நகரத்தின் மட்டையாளர் யார் என்று கேட்டால் பட்டியலையே புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

இனி மியூசியல். பென்சில்வேனியாவின் டொனோரா என்ற ஆலைநகரத்தில் பிறந்தவர். மேஜர் லீக்குக்குக் கீழுள்ள சிறு லீக்கில் பந்து வீச்சாளராகத்தான் சேர்ந்தார். 1940-இல் ஒரு பந்தைப் பிடிக்கப் பாய்ந்து தோளைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் முழுநேர மட்டையாளரானார். பாதங்கள் இரண்டையும் நெருக்கி, முதுகைப் பந்து வீச்சாளருக்குக் காட்டி, உடம்பைத் திருகிக் குனிந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி நிற்பார். எந்தப் பயிற்சியாளரும் கற்றுத்தராத அந்த நிலையிலிருந்து 3,630 ஹிட் வந்தன. அவற்றில் சொந்த மைதானத்தில் அடித்தவை 1,815. வெளியூர்களில் அடித்தவையும் 1,815. தனக்கு வாகான மைதானத்தில் குவித்தார் என்று யாரும் வாய் திறக்க முடியாதபடி அமைந்த எண் அது.

1948-இல் அவர் 230 ஹிட், 46 டபுள் (இரு தள அடி), 18 டிரிபிள் (மூன்று தள அடி), 39 ஹோம் ரன், 131 ஆர்.பி.ஐ. எடுத்தார். இன்னும் ஒரு ஹோம் ரன் அடித்திருந்தால் அந்தப் பட்டியலிலும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு டிரிபிள் கிரவுன் பெற்றிருப்பார். மழையால் கைவிடப்பட்ட ஓர் ஆட்டத்தில் அவர் அடித்த ஹோம் ரன் கணக்கிலிருந்து அழிந்துபோனது என்பதைச் செயின்ட் லூயிஸில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அதாவது மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு வெளியேறியது, 34 முறை மட்டுமே. வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும் 696 தான். இன்றைய அதிரடி மட்டையாளர்கள் நான்கைந்து சீசன்களில் தொட்டுவிடும் எண்ணிக்கை அது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல பந்து வீச்சாளர்கள் படையில் இருந்தார்கள், அதனால்தான் மியூசியல் 1943-இலும் 1944-இலும் அப்படி அடித்தார் என்று ஒரு வாதம் உண்டு. 1945-இல் அவரும் கடற்படைக்குப் போய்விட்டு, எல்லோரும் திரும்பிவந்த 1946-இல் .365 அடித்தார் என்றவுடன் அந்த வாதம் அடங்கிவிடும். உண்மையில் மியூசியலின் வலிமை அவருடைய உச்சத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. ஏழு சராசரிப் பட்டங்களில் முதலாவது 1943-இல், கடைசி 1957-இல். 1942 முதல் 1958 வரை அவர் ஆடிய எந்த சீசனிலும் சராசரி .300-க்குக் கீழே போகவில்லை. 41 வயதில், 1962-இல், .330 அடித்தார். கறுப்பின வீரர்கள் லீக்குக்குள் வந்த பிறகு, அவர்களுடைய பந்து வீச்சையும் எதிர்கொண்டு அடித்த எண்கள் இவற்றில் பெரும்பாலானவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹார்ன்ஸ்பி கார்டினல்ஸுக்காக அடித்த ஹிட் 2,110. மியூசியல் அதைவிட 1,500-க்கும் மேல் கூடுதலாக அடித்தார். ஐந்து ஆண்டுகள் வானத்தில் பறந்தவரா, இருபது ஆண்டுகள் மலையுச்சியில் நின்றவரா என்று கேட்டால், அணிக்கு எத்தனை ஆட்டம் வென்று தந்தார் என்ற கணக்கில் மியூசியல் முந்துவதை ஹார்ன்ஸ்பி தரப்பும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புஹோல்ஸ் இந்த இரண்டு குணங்களையும் ஒருசேரக் காட்டிய பதினோரு ஆண்டுகள் உண்டு. டொமினிக்கன் குடியரசில் பிறந்து, பதின்ம வயதில் மிசூரிக்கு வந்தவர். 1999-ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் 13-ஆம் சுற்றில், 402-ஆவது ஆளாகத்தான் அவரைக் கார்டினல்ஸ் எடுத்தது. அதற்கு முந்தைய சுற்றுகளில் அதே அணியும் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. 2001-இல் அறிமுகமான முதல் ஆண்டிலேயே .329, 37 ஹோம் ரன், 130 ஆர்.பி.ஐ. அதிலிருந்து 2010 வரை பத்து ஆண்டுகளும் .300 சராசரி, 30 ஹோம் ரன், 100 ஆர்.பி.ஐ. ஆகிய மூன்றையும் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. 2011-இல் .299, 37, 99 என்று மயிரிழையில் தவறியது. 2006-இல் 49 ஹோம் ரன் அடித்தவர் அந்த ஆண்டு முழுவதும் ஸ்ட்ரைக் அவுட் ஆனது 50 முறை. பலமாக அடிப்பவர் பந்தைத் தவறவிடுவது இயல்பு என்றிருந்த காலத்தில் இப்படி ஓர் எண்ணைப் பார்த்துத்தான் பெரியவர்கள் மியூசியலின் பெயரை முதன்முதலாக அவரோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். 2011 வேர்ல்ட் சீரிஸின் மூன்றாம் ஆட்டத்தில், டெக்சஸ் மண்ணில் ஒரே இரவில் மூன்று ஹோம் ரன் அடித்தார்.

பிற்கால ஆட்டத்தின் சூழல் அவருக்குச் சாதகமா பாதகமா என்பதில் ரசிகர்கள் ஒருமித்த கருத்துக்கு வருவதில்லை. ஹார்ன்ஸ்பி காலத்தில் தொடக்கப் பந்து வீச்சாளரே பெரும்பாலும் ஆட்டம் முடியும்வரை வீசுவார். மட்டையாளர் நான்காம் முறை மட்டை பிடிக்கும்போது வீசுபவர் களைத்திருப்பார். புஹோல்ஸ் ஏழாம் இன்னிங்ஸுக்குப் பின் களத்துக்கு வரும்போதெல்லாம் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புதிய ஆள் ஒருவர் நிற்பார். இரவு ஆட்டம், நாடு முழுவதும் விமானப் பயணம், எதிரணி கையில் காணொளிப் பதிவுகள் என்று பட்டியல் நீளும். இதைக் கணக்கில் எடுத்தால் புஹோல்ஸின் முதல் பதினோரு ஆண்டு ஓ.பி.எஸ். பிளஸ் மதிப்பான 170, மியூசியலின் வாழ்நாள் மதிப்பான 159-ஐவிட எண்ணிக்கை காட்டுவதைக் காட்டிலும் பெரியதாகத் தெரியும். மியூசியலின் 159-இல் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்டுகளும் சேர்ந்திருக்கின்றன என்ற பதிலும் உடனே வரும், அதுவும் சரியே.

இவ்வளவும் களத்துக்குள் நடந்தவை. களத்துக்கு வெளியே நடந்தவை இந்த எண்களை ரசிகர்கள் மனத்தில் எப்படி அடுக்கி வைத்தன என்று பார்ப்போம்.

1926-இல் ஹார்ன்ஸ்பி அணியின் வீரராகவும் மேலாளராகவும் இருந்து கார்டினல்ஸுக்கு முதல் வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். கடைசி ஆட்டத்தின் கடைசி அவுட், இரண்டாம் தளத்தைத் திருட ஓடிவந்த யாங்கீஸ் நட்சத்திரம் பேப் ரூத். அவரைத் தொட்டு அவுட் ஆக்கிய கை ஹார்ன்ஸ்பியுடையது. அது அக்டோபர் 10. டிசம்பர் 20 அன்று அவர் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றப்பட்டார். மூன்று ஆண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் கேட்டதும், ஓராண்டுக்கு மேல் தரமாட்டேன் என்று முதலாளி சாம் பிரீடன் மறுத்ததும், சீசன் நடுவே பணத்துக்காகக் காட்சி ஆட்டங்கள் வைத்ததைப் பற்றி இருவரும் சண்டையிட்டதும் காரணம். நகரம் கொதித்தது, பிரீடனின் வீட்டு வாசலில் கறுப்புத் துணி கட்டினார்கள். ஆனால் மாற்றாக வந்த பிரான்கி பிரிஷ் நன்றாக ஆடி, 1931-இலும் 1934-இலும் பட்டம் வென்ற அணிகளில் இருந்ததால் கோபம் ஆறிப்போனது. ஹார்ன்ஸ்பியோ 1927-இல் நியூயார்க், 1928-இல் பாஸ்டன், 1929-இல் சிகாகோ என்று மூன்று ஆண்டில் மூன்று அணி மாறினார், போன இடமெல்லாம் .360-க்கு மேல் அடித்துவிட்டு, போன இடமெல்லாம் சண்டையும் போட்டார். 1933-இல் கொஞ்ச நாள் திரும்பி வந்ததை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 1963 ஜனவரியில் சிகாகோவில் இறந்தார். அவருக்காக வாதாட அந்த நகரத்தில் ஒரு குடும்பப் பாசம் மிஞ்சவில்லை.

மியூசியல் 22 சீசன்களையும் ஒரே சட்டையில் ஆடினார். ஆட்டத்தை விட்ட பிறகும் நகரத்திலேயே இருந்து உணவகம் நடத்தினார், கேட்டவருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார், ஹார்மோனிகா வாசித்தார். 1968-இல் மைதான வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2013-இல் இறக்கும்வரை சீசனின் முதல் நாளில் சிவப்புக் கோட்டு அணிந்து மைதானத்துக்கு வருவார். இந்தப் பிணைப்பின் மதிப்பை நான் குறைக்கவில்லை. 1946-இல் மெக்சிகோ லீக்கிலிருந்து பெரும் தொகை காட்டி அழைத்தபோது, அவருடைய அணித்தோழர்கள் சிலர் போக, அவர் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் அக்காலத்தில் அமெரிக்க லீக்குகளுக்குள் ஒரு வீரர் தாமாக அணி மாறவே முடியாது. ஒப்பந்தத்தில் இருந்த ரிசர்வ் விதி அவரை முதலாளியின் சொத்தாக்கி வைத்திருந்தது. அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 1972-இல் தோற்றவர் கர்ட் ஃபிளட், அவரும் ஒரு கார்டினல்ஸ் வீரர்தான். மேலும் 1956-இல் பொது மேலாளர் பிராங்க் லேன், மியூசியலைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துப் பந்து வீச்சாளர் ராபின் ராபர்ட்ஸை வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். செய்தி கசிந்து, முதலாளி கஸ்ஸி புஷ் குறுக்கே விழுந்து தடுத்தார். அன்று புஷ் சற்று அசந்திருந்தால் அந்தச் சிலையின் கதையே வேறாகியிருக்கும்.

புஹோல்ஸ் போனது விதி மாறிய காலத்தில். 2011 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் அணியுடன் பத்து ஆண்டுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். மியூசியலுக்குப் பக்கத்தில் வைக்கவிருந்தவரை அன்றே கீழே இறக்கிவிட்டார்கள் பலர். 2019 ஜூனில் ஏஞ்சல்ஸ் வீரராக அவர் முதன்முறை செயின்ட் லூயிஸுக்குத் திரும்பியபோது, முதல் முறை மட்டை பிடிக்க வந்தவருக்காக அரங்கம் முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. பழைய அணித்தோழரான கார்டினல்ஸ் கேட்சர் யாடியர் மொலினா தம் இடத்தை விட்டு வந்து கட்டியணைத்தார். மறுநாள் அவர் எதிரணிக்காக ஹோம் ரன் அடித்தார். அதற்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2022-இல் குறைந்த சம்பளத்துக்குத் திரும்பி வந்து, 42 வயதில் 24 ஹோம் ரன் அடித்து, வாழ்நாள் மொத்தத்தை 703-ஆக முடித்தபோது, பழைய கணக்கு முழுவதும் நேர்செய்யப்பட்டது. அந்த ஒரு சீசனில் அவர் மட்டை செய்ததைவிட, திரும்பி வந்த செயல்தான் ரசிகர் பட்டியலில் அவரை ஹார்ன்ஸ்பிக்கு மேலே ஏற்றியது என்று துணிந்து சொல்லலாம்.

கார்டினல்ஸுக்கு ஆடிய மார்க் மெக்வயர் இதற்கு இன்னொரு சான்று. 1998-இல் 70 ஹோம் ரன், 1999-இல் 65. ஊக்க மருந்து பயன்படுத்தியதை 2010-இல் அவரே ஒப்புக்கொண்டார். கூப்பர்ஸ்டவுன் அவரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. ஆனால் கார்டினல்ஸ் அணி தனக்கென வைத்திருக்கும் புகழ் மண்டபத்தில், ரசிகர்கள் வாக்களித்தே 2017-இல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இது நேர்மையின்மை என்று சில பத்திரிகைகள் எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 1998 கோடையை அவர்கள் நேரில் கண்டார்கள், அதைக் கண்டதற்கு நன்றி சொன்னார்கள். மிகச் சிறந்தவர் யார் என்ற கேள்வியில் மட்டும் அவர் பெயரை யாரும் கொண்டுவருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நாடு முழுவதன் நினைவு வேறு விதமாக இயங்குகிறது. 1999-இல் அமெரிக்க ரசிகர்கள் வாக்களித்து நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தபோது ஹார்ன்ஸ்பி இடம்பெற்றார், மெக்வயர் இடம்பெற்றார், மியூசியல் இடம்பெறவில்லை. பிறகு ஒரு சிறப்புக் குழு கூடி அவரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ஆடியிருந்தால் இப்படி நடந்திருக்குமா என்ற ஆற்றாமை செயின்ட் லூயிஸில் இன்றும் தீரவில்லை. மியூசியலைப் பற்றி வெளியூர்க்காரரிடம் பேசும்போது அவர்கள் குரல் ஒரு படி உயர்வதற்கு இதுவும் காரணம். இத்தனைக்கும் அவருக்கு ‘ஸ்டான் தி மேன்’ என்ற நிலைத்த பட்டப்பெயரைச் சூட்டியவர்கள், அவரிடம் அடிவாங்கி அலுத்த புரூக்ளின் ரசிகர்கள்.

மூவருக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை உண்டு. 1937-இல் .374 அடித்து, நேஷனல் லீக்கின் கடைசி டிரிபிள் கிரவுனை வென்ற ஜோ மெட்விக். 1940-இல் 43 ஹோம் ரன் அடித்து, மெக்வயர் வரும்வரை அணிச் சாதனையை வைத்திருந்த ஜானி மைஸ். 3,000 ஹிட்டைக் கடந்த லூ பிராக். தொடக்க காலத்துக்கே போனால் 1887-இல் டிப் ஓநீல் .435 அடித்திருக்கிறார். அந்த ஓராண்டில் வாக்கையும் ஹிட்டாக எண்ணும் விதி இருந்ததால் அப்போது .492 என்று எழுதினார்கள், பிறகு திருத்தினார்கள். ஓநீலுக்காக வாதாடும் ஒருவரும் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அவரை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

இந்த வழக்கில் ஒரு நல்ல வாய்ப்பு, மூவரும் வேறு வேறு இடத்தில் ஆடியவர்கள் என்பது. ஹார்ன்ஸ்பியை இரண்டாம் தளத்திலும், புஹோல்ஸை முதல் தளத்திலும், மியூசியலை வெளிக்களத்திலும் நிறுத்தி எல்லாக் காலத்துக்குமான அணி ஒன்றை எந்தச் சச்சரவும் இல்லாமல் அமைத்துவிடலாம். சண்டை அதன்பின் மட்டை பிடிக்கும் வரிசைக்கு நகர்கிறது. அணியின் தலைசிறந்த மட்டையாளருக்கு மூன்றாம் இடம் என்பது மரபு. அந்த இடத்துக்குத்தான் மூன்று பெயரும் போட்டியிடுகின்றன. வலக்கை ஆட்டக்காரர் இருவருக்கு நடுவே இடக்கைக்காரரான மியூசியலை வைத்தால் எதிரணி பந்து வீச்சாளரை மாற்றித் தடுமாறும் என்று சொல்லி, முதியவர்கள் மூன்றாம் இடத்தை மியூசியலுக்கு எழுதிக்கொள்வார்கள். நானும் அப்படியே எழுதுவேன்: ஹார்ன்ஸ்பி இரண்டு, மியூசியல் மூன்று, புஹோல்ஸ் நான்கு. ஆனால் இன்றைய அணிகளின் ஆய்வாளர்கள், அதிகமுறை மட்டை பிடிக்கக் கிடைக்கும் என்பதால், தங்களிடமுள்ள மிகச் சிறந்த மட்டையாளரை இரண்டாம் இடத்தில் இறக்குகிறார்கள் என்பதை ஹார்ன்ஸ்பி தரப்பு நன்றாக அறியும். அந்த வரிசைத் தாளை அவர்கள் மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.